உளி கொத்தினால் கையைக் குறை சொல்லாதீர்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் பலா மரத்தில் ஒரு கிண்ணம் கடைந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மரக் கடைசலில், அதாவது லேத் என்கிற இயந்திரத்தில் மரத்தைச் சுழற்றி உளியால் சீவி உருவம் கொடுக்கும் வேலையில், ஆசையுள்ளவர்கள் கொழும்பில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு 38 வயது, வங்கியில் வேலை. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு தொடர்மாடியில் நாலாம் தளத்தில் இருக்கிறோம். பின்பக்கம் சின்ன பல்கனி ஒன்று உண்டு. அதில் ஒரு லேத் வைத்துப் பழகலாமா? எவ்வளவு பெரியது வாங்க வேண்டும்?

பதில்: வைக்கலாம் தம்பி. ஆனால் 'லேத்' என்று மட்டும் கேட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் இரும்பு கடையும் லேத்தைத்தான் காட்டுவார்கள். அதில் வெட்டும் முனை இயந்திரத்தோடு பூட்டப்பட்டிருக்கும், மரக் கடைசலில் உளி உங்கள் கையில் இருக்கும், ஆகவே மரத்துக்கான லேத் என்று சொல்லியே கேளுங்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ரகம், 10 அங்குல விட்டம் வரை சுழற்றக்கூடியது, அரைக் குதிரைவலு மோட்டர், உங்களுக்கு இது போதும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு படியேறலாம். இதை விடச் சிறியதாகப் பேனா மட்டும் கடைகிற இயந்திரங்களும் உண்டு, ஆனால் கிண்ணம் கடைய வேண்டும் என்ற ஆசை மூன்றாம் மாதமே வந்துவிடும்.

மோட்டரின் சத்தம் மின்விசிறியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பது அதிர்வு. கோணலான மரத்தை வேகமாகச் சுழற்றினால் மேசை நடுங்கும், மேசையோடு தளமும் நடுங்கும். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் வையுங்கள், கால்களுக்கு அடியில் தடித்த இறப்பர் போடுங்கள், மேசையின் கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணல் வையுங்கள். பாரம் கூடினால் நடுக்கம் குறையும்.

உங்கள் பல்கனியில் எனக்குக் கவலை தருவது கடல்காற்றுத்தான். உப்புக் காற்றில் லேத்தின் வார்ப்பிரும்பு அடிப்பாகம் சில நாட்களிலேயே செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிதாக மெழுகு தேய்த்து மூடி வையுங்கள். மழைச் சாரல் படும் இடமென்றால் வேண்டாம், அறைக்குள்ளேயே ஒரு மூலை பாருங்கள். பிளக்கில் எர்த் வயர் உண்மையாகவே வேலை செய்கிறதா, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

இன்னொன்று. கையில் இருக்கிற பணத்தை முழுவதும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், அதில் ஒரு பகுதி சாணைக்கல்லுக்கு வேண்டும். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தெஹிவளை. மூன்று மாதமாகப் பழகுகிறேன். ஒவ்வொரு முறையும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று உளி கொத்திக்கொள்கிறது. மரத்தில் பெரிய காயம், சில வேளை மரமே கழன்று பறக்கிறது. கை நடுங்குகிற வயதில் தொடங்கியது என் பிழையா?

பதில்: வயதில் ஒரு பிழையும் இல்லை சேர். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உளி வாங்கி மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், சாணை பிடித்ததைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கடையில் வாங்கும் உளி கூராக வருவதில்லை, வடிவம் மட்டும்தான் வரும். கூர் நாம் வைக்க வேண்டியது. மழுங்கிய உளி தானாக வெட்டாது, வெட்டாதபோது கை அழுத்தும், அழுத்திக்கொண்டே இருக்கும்போது முனை ஒரு மயிரிழை தவறினால் அத்தனை அழுத்தமும் ஒரே இடத்தில் இறங்கும். அதுதான் நீங்கள் சொல்கிற கொத்து.

உளியின் விளிம்பை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்க இடமில்லை, ஒன்றும் தெரியாது. சாணை பிடிக்குமுன் உளியின் சரிவு முகம், அதாவது வெட்டும் விளிம்பை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய பக்கம், முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசி, கல்லை ஓட விடாமல் கையால் சுற்றி லேசாகத் தொட்டுப் பாருங்கள். எங்கே கறுப்பு அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. பழைய கோணத்தை அப்படியே காப்பாற்றுவதுதான் முக்கியம், ஒவ்வொரு தடவையும் புதுக் கோணம் வைத்தால் உளி வேகமாகத் தேயும், கையும் பழகாது. முரட்டு மரத்தை உருட்டும் குழி உளிக்கு 45 பாகை, நுணுக்க வேலைக்கான குழி உளிக்கு 40 பாகை அளவில் தொடங்கலாம். கணித ஆசிரியருக்குக் கோணமானி வைத்துப் பார்க்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது விற்கிற உளிகள் பெரும்பாலும் ஹை ஸ்பீட் ஸ்டீல். இது கல்லில் நீலம் பாரித்தாலும் பதம், அதாவது எஃகின் கடினம், போகாது, சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்காதீர்கள், விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். பழைய கார்பன் எஃகு உளி இதற்கு நேர்மாறு, நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதை அடிக்கடி நனைத்து நனைத்துத்தான் தீட்ட வேண்டும். கல் விஷயத்தில் ஒன்று, வெல்டிங் கடைகளில் இருக்கும் சாம்பல் நிறக் கரடுமுரடுக் கல் வேண்டாம், வெள்ளை நிற அலுமினியம் ஒக்சைட் கல், 60 அல்லது 80 என்று எண் போட்டது கேளுங்கள். பழைய சோனகத் தெருக் கடைகளில் பொறுமையாக விசாரித்தால் கிடைக்கும்.

சரி, உளி கூராகிவிட்டது. இனி வரிசை. முதலில் உளியின் தண்டு தாங்கியில், அதாவது உளியைச் சாத்திப் பிடிக்க மரத்துக்கு முன்னால் லேத்தில் இருக்கும் இரும்புக் கட்டையில், பட வேண்டும். அடுத்து சரிவின் அடிப்பக்கம் சுழலும் மரத்தில் படட்டும், இந்த நேரத்தில் எதுவும் வெட்டாது, சும்மா உரசிக்கொண்டு போகும். கடைசியாகப் பின் கையை மெல்ல உயர்த்துங்கள், சரிவு மரத்தில் தங்கியபடியே விளிம்பு இறங்கிச் சீவத் தொடங்கும். தாங்கி, சரிவு, வெட்டு. இந்த வரிசை மாறி விளிம்பு முதலில் பட்டால், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத முனையை மரம் இழுத்துக்கொண்டு போய்விடும். சரியாக வெட்டினால் தூள் வராது, நீளமான சுருள் சுருளான சீவல் வரும், சத்தமும் மாறும், கரகர என்பது போய் காற்று சீறுவது போல இருக்கும். காதை அதில் வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உளி மழுங்கியதைக் காது சொல்லிவிடும்.

வெட்டும் திசையும் ஒரு காரணம். தூண், கட்டில் கால் மாதிரி நீட்டு வேலையில் தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு இறக்கமாகப் போக வேண்டும், எதிர்த்து ஏறினால் நார் பிளந்துகொள்ளும். கிண்ணத்தின் உட்புறம் விளிம்பிலிருந்து அடிக்கு, வெளிப்புறம் அடியிலிருந்து விளிம்புக்கு. தாங்கிக்கும் மரத்துக்கும் நடுவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், மரம் மெலிய மெலிய நிறுத்தி நிறுத்தித் தாங்கியை நகர்த்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தக்கூடாது.

நீங்கள் மரம் பறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன், கிண்ணத்துக்கு அந்தப் பெரிய முரட்டுக் குழி உளியைப் பாவித்தீர்களா? அது நீட்டு வேலைக்கு மட்டும். அதன் வால், கைப்பிடிக்குள் போகிற பகுதி, ஒடுக்கமானது. கிண்ணத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நார் குறுக்கே வந்து மோதும், அந்த அடியில் வால் முறிந்துபோக இடமுண்டு. கிண்ணத்துக்கென்றே உருண்டைக் கம்பியில் செய்த உளி உண்டு, அதை வாங்கும் வரை கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள்.

இந்த மாதம் முழுவதும் இரண்டு அங்குலச் சதுரம், பத்து அங்குல நீளம், இப்படி வெட்டிய மலிவான மரத்துண்டுகளை உருளையாக்குவது மட்டும் செய்யுங்கள் சேர். முனைகளில் மூலைக்கு மூலை கோடு போட்டு நடு எடுங்கள், முதலில் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில், உருளையானதும் 1500க்கு மேல். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உளியைக் கல்லில் ஒரு தடவை தொடுங்கள். உருளைகளை அடுப்புக்குப் போடலாம், கவலையே வேண்டாம். இருபது துண்டு முடிந்த பிறகும் கொத்தினால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா தன்னுடைய பழைய லேத்தைக் கப்பலில் அனுப்பிவிடுகிறேன் என்கிறார். ஓம் என்று சொல்லட்டுமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்போமர் போட்டுக் குறைக்கலாம், ஹேர்ட்ஸை அது மாற்றாது. சாதாரண மோட்டர் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், 1725 சுற்று என்று பெயர்ப்பலகையில் இருப்பது இங்கே 1440க்குக் கிட்ட ஓடும். அதைச் சமாளிக்கலாம், ஆனால் சூடாவது கூடும், அதுதான் ஆபத்து. பெல்ட்டும் புல்லியும் உள்ள பழைய ரகமா என்று அண்ணாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் மோட்டரைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்கள், இங்கே 230 வோல்ட் மோட்டர் ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம். குமிழைத் திருகி வேகம் மாற்றுகிற புது ரகம் என்றால் மோட்டரும் மின்சுற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை, கழற்ற முடியாது, நல்ல டிரான்ஸ்போமர் வேண்டும், மோட்டரின் வாட்டைப் போல மூன்று மடங்காவது தாங்கக்கூடியது. மரத்தைக் கவ்விப் பிடிக்கிற சக் இருந்தால் அதையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள், அங்கத்தைய லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி, இங்கே வேறு புரியில் வாங்கிவிட்டுப் பொருந்தாமல் அலைய வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்முறையைப் பார்த்துவிட்டு கடைசல் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குப் பயம் கையை நினைத்துத்தான். (கிராண்ட்பாஸ்)

பதில்: தாராளமாகப் பழகட்டும் அக்கா. கடைசலுக்குப் பலம் தேவையில்லை, பொறுமையும் கூரான உளியும்தான். ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதை லேசாக எடுக்க மாட்டேன்.

10 அங்குலக் கிண்ணம் ஒன்று நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, காலி வீதி பஸ் வேகம். அதில் ஒரு நூல் சிக்கினாலும் விடாது. அதனால் பின்னலை மேலே தூக்கிக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும். சால், நீளக் கை சட்டை, வளையல், சங்கிலி, மோதிரம் ஒன்றும் கூடாது. கோயிலில் கட்டிய கைநூலையும் கழற்றி சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வரட்டும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், ஓடும் லேத்தில் கையுறைதான் விரலை இழுத்துக்கொண்டு போகும். மெருகு போடுவதற்குத் துணி பிடிப்பதும் அப்படியே, பேப்பர் டவல் பிடித்தால் சிக்கும்போது கிழிந்துவிடும்.

முகத்துக்குக் கண்ணாடி மட்டும் போதாது, நெற்றியிலிருந்து நாடி வரை மூடும் முகக்கவசம் வேண்டும். என்னுடைய மரத்துண்டு ஒன்று உள்வெடிப்பு இருந்தது தெரியாமல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி முகக்கவசத்தில் அடித்தது. அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை, கவசத்தில் விழுந்த கீறலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவிட்சைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும், போடும்போது மரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். இந்த இரண்டும் பழக்கமாகும் வரை நீங்களோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருங்கள்.

தூசியை மறந்துவிடாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995 முதல் சேர்த்து வைத்திருக்கிறது. சீவல் கனமானது, கீழே விழுந்துவிடும், சாண்ட் பேப்பர் போடும்போது கிளம்பும் நுண்தூள்தான் நெஞ்சுக்குள் போகிறது. நல்ல மாஸ்க், திறந்த ஜன்னல். உளி கூராக இருந்தால் சாண்ட் பேப்பர் வேலையே பாதியாகக் குறையும், இதற்கும் மருந்து சாணைக்கல்தான்.

கேள்வி: மரம் எங்கே வாங்குவது, எந்த மரம்? மாமி வீட்டில் பலா ஒன்று பட்டுப்போய் நிற்கிறது, அதை வெட்டி எடுக்கலாமா? (இரத்மலானை)

பதில்: கடையில் புது மரம் வாங்காதீர்கள், பழகும் காலத்தில் அது வீண் செலவு. 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் மொறட்டுவை. தளபாட வேலைத்தலங்களும் மரக்காலைகளும் நிறைந்த ஊர், கதிரைக் கால் வெட்டிய மிச்சத் துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஒரு தச்சு பாஸிடம் மரியாதையாகக் கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார். அப்படியே அவர் கடைவதையும் பத்து நிமிடம் நின்று பாருங்கள், உளியைப் பிடிக்கும் விதத்தை எந்த எழுத்தாலும் அவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

தொடக்கத்துக்கு மகோகனி நல்லது, மிருதுவாகச் சீவும். பலாவும் அப்படித்தான், கடைந்த அன்று மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி பிறகு பழுப்பாகும், எனக்கு மிகப் பிடித்த மரம் இதுதான். மாமரம் மலிவு. தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளியின் கூர்மையை உடனே தின்றுவிடும், தென்னையும் பனையும் அதே கதை. முதிரை பார்க்கத் தங்கம் மாதிரி, ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடி, தடிப்பு உண்டாக்கும், முதல் தடவை கொஞ்சமாகக் கடைந்து பாருங்கள். பழைய வீடு உடைத்த மரம் என்றால் காந்தத்தால் தடவி ஆணி தேடுங்கள். துறைமுகப் பக்கமிருந்து வரும் பலகைத் தட்டுகளில் 'MB' என்ற ஆங்கில எழுத்துகள் முத்திரையாக இருந்தால் தொடாதீர்கள், பூச்சியைக் கொல்ல மீதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. 'HT' என்றால் வெப்பமேற்றியது, பாவிக்கலாம்.

மாமி வீட்டுப் பலா விஷயத்தில் கோடரியை எடுக்குமுன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றை அனுமதியில்லாமல் வெட்டுவதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஏற்றிக்கொண்டு வருவதற்கும் அனுமதி தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வெட்டிய பச்சை மரத்தை உருண்டையாக அப்படியே போட்டு வைத்தால் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். அன்றைக்கே நடுக்குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டு முகங்களில் உருக்கிய மெழுகு பூசுங்கள். அப்புறம் கிண்ணத்தை முரட்டாக ஒரு தடவை கடையுங்கள், சுவர்த் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 8 அங்குலக் கிண்ணத்துக்குக் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். அதன் சீவலோடேயே கடதாசிப் பையில் போட்டு நிழலில் மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வளைந்து நீள்வட்டமாகியிருக்கும், அதற்குத்தான் அந்தத் தடிப்பு, இரண்டாம் தடவை கடையும்போது வட்டமாக்கிவிடலாம்.

கேள்வி: எனக்கு 71 வயது, பம்பலப்பிட்டி. பேரன் லேத் என்கிறான், எங்கள் அப்பா கடைசல் பட்டறை என்பார். தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், ஒரே சொல் ஏன்? கொள்ளுப்பேத்திக்கு பேரனைக் கொண்டு ஒரு கிலுகிலுப்பை செய்விக்க ஆசை. என்ன பூசுவது?

பதில்: அம்மா, மத்தில் கயிறு சுற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுப்பதை நினைத்துப் பாருங்கள். பழைய கடைசல் பட்டறையில் மரத்தில் கயிறு சுற்றி ஒருவர் அப்படியே இழுப்பார், மரம் ஒரு தடவை முன்னால் சுற்றும், ஒரு தடவை பின்னால் சுற்றும். தன் பக்கமாக வரும்போது மட்டும் மற்றவர் உளியை வைத்து வெட்டுவார், திரும்பும்போது எடுத்துவிடுவார். கை அசைவு ஒன்று, சொல்லும் ஒன்றாக நின்றுவிட்டது. உங்கள் அப்பா சொன்னதையே பேரனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பூசுவதற்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். தேன்மெழுகு போதும், அல்லது அரக்கு. சுழலும் மரத்தில் நிற அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகிப் படியும், நம் நாட்டு அரக்கு வேலைக்காரர் காலங்காலமாகச் செய்வது அதுதான். மாத்தளைப் பக்கம் பல்லேஹபுவிடவில் அரக்கை நூலாக இழுத்து நகத்தாலேயே ஒட்டி வெட்டிக் கோலம் போடுவார்கள். குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால் உங்களுடையதில் நிறம் சேர்க்காத அரக்கு மட்டும்.

உள்ளே மணி, பயறு எதுவும் போட வேண்டாம், வெடித்தால் குழந்தை விழுங்கிவிடும். ஒரே மரத்துண்டிலேயே கைப்பிடியும் அதைச் சுற்றி ஆடுகிற இரண்டு வளையங்களும் வரும்படி கடையலாம், வளையத்தின் அடியை இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் தானாகக் கழன்று கைப்பிடியில் ஆடும். இரண்டு முனைகளிலும் குமிழ் பெரிதாக, 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், வளையம் விரல் தடிப்பில் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பலா எடுக்கச் சொல்லுங்கள், வேம்பு கசக்கும். முதல் மூன்று வளையம் உடையும், நாலாவது நிற்கும், பேரனிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.